வேலியும் அறையும்: புதுச்சேரியின் வகுத்தமைத்த தோட்டங்கள்

ஆய்வுச் சுருக்கம்

செடிவேலிகளால் அறை அறையாகப் பகுக்கப்பட்ட தோட்டம் ஐரோப்பிய மாளிகைகளுக்கே உரிய கலைவடிவம் என்னும் கருத்து பரவலாக உள்ளது. அவ்வடிவத்தின் அடிப்படை உறுப்பாகிய வேலியை முன்னிறுத்திப் புதுச்சேரியின் தோட்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. 18ஆம் நூற்றாண்டில் நகரைச் சூழ்ந்திருந்த எல்லை வேலி, 1826இல் நிறுவப்பெற்ற தாவரவியல் தோட்டம், பழைய கோட்டையின் இடத்தில் அமைந்த அரசினர் சதுக்கப் பூங்கா ஆகிய மூன்றும் இங்கு ஒருசேர நோக்கப்படுகின்றன. மிளை, படப்பை, இலவந்திகை, பளிக்கறை என்னும் தமிழ் இலக்கியச் சொற்கள் இம்மூன்றையும் விளங்கிக்கொள்ளத் துணைபுரிகின்றன. வேலி எதனைச் சூழ்ந்துள்ளது என்பதைவிட, அதன் வாயில் எவர் கையில் உள்ளது என்பதே தோட்டத்தின் பொருளைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: புதுச்சேரி, வேலி, மிளை, எல்லை வேலி, தாவரவியல் தோட்டம், ஆயி மண்டபம், குயில் பாட்டு.

1. முன்னுரை

தோட்டத்தைச் சுவரில்லாத வீடாகக் கருதி, உயர்ந்து அடர்ந்த செடிவேலிகளைச் சுவர்களாகவும், அவற்றிடையே விடப்பட்ட இடைவெளிகளை வாயில்களாகவும், நடுவிலுள்ள வெளிகளை அறைகளாகவும் அமைக்கும் முறை உலகத் தோட்டக்கலையில் தனியிடம் பெற்றது. இங்கிலாந்தில் லாரன்ஸ் ஜான்ஸ்டன் 1907 முதல் உருவாக்கிய ஹிட்கோட் தோட்டமும், விட்டா சாக்வில்–வெஸ்ட், ஹரால்டு நிக்கல்சன் இணையர் 1930 முதல் உருவாக்கிய சிசிங்ஹர்ஸ்ட் தோட்டமும் இம்முறைக்கு எடுத்துக்காட்டுகளாகச் சுட்டப்படுபவை. இவற்றுக்கு முன்னோடியாக 17ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் தோட்டங்கள் அமைந்தன. வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் ஆந்திரே லெ நோத்ர் 1661 முதல் அமைத்த சோலைப் பகுதிகள், நேராக வெட்டப்பட்ட மரவேலிகளுக்குள் மறைந்த அறைகளாகவே விளங்கின.

வெர்சாய்த் தோட்டம் உருப்பெற்ற அதே பதினான்காம் லூயி மன்னனின் காலத்தில்தான், 1664இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினி 1674இல் புதுச்சேரியில் காலூன்றியது. எனவே புதுச்சேரித் தோட்டங்களைப் பிரெஞ்சு மரபின் நேரடி நகல்களாகக் கொள்ளும் போக்கு எளிதில் தோன்றிவிடுகிறது. அவ்வாறு கொள்ளும்போது வடிவம் மட்டுமே கண்ணில் படுகிறது. வேலியாக நின்ற செடி எது, வேலி எந்த நிலத்தைச் சூழ்ந்தது, அதற்குள் யார் இருந்தனர், யார் புறத்தே நிறுத்தப்பட்டனர் ஆகிய வினாக்கள் விடுபட்டுப்போகின்றன. இவ்வினாக்களைத் தமிழ்ச் சொல் வழக்கிலிருந்து தொடங்கி ஆராய்வது பொருத்தமாகும்.

2. வேலி: சொல்லும் பொருளும்

தமிழில் தோட்டத்தைக் குறிக்கும் சொற்கள் பல. கா, காவு, பொழில், சோலை, தண்டலை என்பன மரச்செறிவையும் நிழலையும் முதன்மைப்படுத்துபவை. தோப்பு, கொல்லை என்பன பயனையும் உழைப்பையும் சார்ந்தவை. நந்தவனம் கோயில் வழிபாட்டோடு இணைந்தது. படப்பை என்னும் சொல் மனையை ஒட்டி அடைக்கப்பட்ட நிலத்தைக் குறிப்பதால் இவ்வாய்வுக்கு மிக நெருங்கியதாகிறது. படப்பை தனித்து நிற்கும் வனமன்று. மனையோடு சேர்ந்து வாழும் தோட்டம்.

வேலி என்னும் சொல் மேலும் ஆழமான பொருள்வளர்ச்சி உடையது. அது முதற்கண் காப்பாக நிற்கும் அடைப்பைக் குறிக்கும். இலக்கியங்களில் கடலும் மலையும் நாட்டின் வேலியாக உருவகிக்கப்படுகின்றன. தஞ்சைப் பகுதியிலோ வேலி நில அளவையாகவும் வழங்கியது. 20 மா கொண்டது ஒரு வேலி, அஃதாவது ஏறத்தாழ 6.6 ஏக்கர். சூழும் பொருளின் பெயரே சூழப்பட்ட நிலத்தின் பெயராக ஆயிற்று. இத்தகைய பொருள்மாற்றம் பிறமொழிகளிலும் உண்டு. பிரெஞ்சு மொழியில் தோட்டத்தைக் குறிக்கும் ஜார்தேன் என்னும் சொல்லின் வேர்ப்பொருள் அடைப்பு என்பதாகும். விண்ணுலகத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லான பாரடைஸ், சுற்றிலும் மதில் சூழ்ந்தது என்னும் பொருளுடைய பழைய ஈரானியச் சொல்லிலிருந்து பிறந்தது. அடைப்பு இன்றேல் தோட்டம் இல்லை என்னும் எண்ணம் இச்சொற்களில் பொதிந்துள்ளது.

வேலியின் மற்றொரு முகம் போர்த்தொடர்பானது. சங்க இலக்கியத்தில் மிளை என்பது மதிலுக்கும் அகழிக்கும் புறத்தே வளர்க்கப்பட்ட காவற்காடு. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரை நகரின் அரண்களை அடுக்கும்போது மிளையையும் கிடங்கையும் முதலில் வைத்து, பொறிகளைப் பின்னர்க் கூறுகிறது. திருக்குறளின் அரண் அதிகாரமும் நீர், நிலம், மலை ஆகியவற்றோடு நிழல்மிக்க காட்டையும் அரணின் உறுப்பாகக் கொள்கிறது. உயிருள்ள மரஞ்செடிகளை மதிலாகப் பயன்படுத்தும் சிந்தனை தமிழகத்தில் ஐரோப்பியர் வருகைக்கு நெடுங்காலம் முற்பட்டது என்பது இவற்றால் தெளிவாகும்.

3. தோட்டத்துள் அறை

தோட்டத்தினுள் அறை என்னும் கருத்தும் தமிழுக்குப் புதியதன்று. புகார் நகரில் இருந்த இலவந்திகை, மதில் சூழ்ந்த அரச சோலை. மன்னனும் அவன் உரிமை மகளிரும் விளையாடுதற்குரியது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் புகாரைவிட்டு நீங்கும் வழியில் அதன் மதிலைக் கடந்து செல்கின்றனர். அவர்கள் உட்செல்வதில்லை; அதன் புறமதிலையே காப்பியம் நமக்குக் காட்டுகிறது. இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்னும் பாண்டியன் பெயர் வழியாக அச்சொல் புறநானூற்றிலும் இடம்பெறுகிறது.

மணிமேகலைக் காப்பியம் இன்னும் தெளிவான சான்றைத் தருகிறது. பூக்கொய்ய எந்த வனத்துக்குச் செல்லலாம் என்னும் பேச்சில் இலவந்திகை உள்ளிட்ட வனங்கள் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டு, இறுதியில் உவவனம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. விலக்குவதற்குக் கூறப்படும் காரணங்களுள் அங்கே யார் இருப்பர் என்பதும் ஒன்று. உவவனத்தினுள் பளிங்காலான மண்டபம் ஒன்று உள்ளது. உள்ளிருப்பவரின் குரல் வெளியே செல்லாது. உருவம் மட்டும் வெளியே தோன்றும். உதயகுமரன் தேரேறி வருவதறிந்து மணிமேகலை அதனுள் புகுகிறாள். வாயிலை அடைத்துக்கொள்ளும் உரிமை உள்ளிருப்பவளிடமே இருப்பதால் அவ்வறை அவளுக்குப் புகலிடமாகிறது.

பிரெஞ்சு மரபில் தோட்ட அறையின் நோக்கம் வேறானது. தெசாலியே தார்ழான்வில் 1709இல் வெளியிட்ட தோட்டக்கலை நூல், செடிவேலிகளால் அமையும் பசுமைக் கூடங்களையும் சிற்றறைகளையும் வகைப்படுத்தி வரைபடங்களோடு விளக்குகிறது. அவை மாளிகையின் கூடங்களைத் திறந்தவெளியில் நீட்டிப்பவை. விருந்தும் இசையும் உரையாடலும் நிகழும் இடங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை பிறந்ததும் அதே 1709ஆம் ஆண்டில்தான் என்பது, இவ்விரு உலகங்களும் ஒரே காலத்தவை என்பதை நினைவூட்டும்.

அவ்வடிவம் சோழமண்டலக் கடற்கரைக்கு வரும்போது முதல் தடை செடியினிடத்தில் ஏற்படுகிறது. பிரெஞ்சுப் பசுமைச் சுவர்களுக்கு உரிய ஹார்ன்பீம், பாக்ஸ், யூ முதலியன குளிர்நாட்டுத் தாவரங்கள். கோடை வெப்பமும், வடகிழக்குப் பருவமழையில் குவியும் நீரும், உப்புக்காற்றும் உடைய புதுச்சேரியில் அவை நிலைத்து வளரா. தமிழகத்தில் வெட்டி ஒழுங்குபடுத்தும் வேலிக்கு உதவுபவை மருதாணி, சங்கங்குப்பி, துரந்தா முதலியன. ஆடுமாடுகளைத் தடுக்கும் உழவர் வேலிக்குக் கிளுவை, நொச்சி, கள்ளி, கொடுக்காப்புளி ஆகியவை பயன்படுகின்றன. கொடுக்காப்புளி அமெரிக்காவிலிருந்து வந்து தமிழ்ப்பெயர் பெற்ற மரம். வடிவம் பிரான்சினுடையதாயினும் வேலிக்குரிய செடியையும் அதை வளர்க்கும் அறிவையும் இந்நிலமே தரவேண்டியிருந்தது.

4. நகரைச் சூழ்ந்த எல்லை வேலி

புதுச்சேரியின் முதற்பெரும் செடிவேலி எந்த மாளிகைத் தோட்டத்திலும் அமைந்ததன்று. அது நகரையே சூழ்ந்திருந்த எல்லை வேலி. 1693இல் நகரைக் கைப்பற்றிய டச்சுக்காரர் நேர்த்தெருக்கள் கொண்ட நகர வரைபடத்தை வகுத்தனர். 1699இல் நகர் மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. பிரான்சுவா மர்த்தேன் ஆட்சியில் ஐங்கோண வடிவிலான லூயிக் கோட்டை 1706இல் நிறைவுற்றது. கோட்டையின் கோணங்கள், தெருக்களின் நேர்க்கோடுகள், தோட்டத்தின் கட்டங்கள் ஆகிய மூன்றும் ஒரே வடிவியல் சிந்தனையின் விளைவுகள். நகர மதிலுக்கும் அப்பால், நாட்டுப்புறத்தை வளைத்து, முட்செடிகளாலான அடர்ந்த வேலி வளர்க்கப்பட்டிருந்தது.

இவ்வேலியைப் பற்றிய விரிவான செய்தியை ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதிய இந்துஸ்தானப் போர் வரலாறு தருகிறது. பெருங்கற்றாழைகளும் பிற முட்செடிகளும் தென்னையும் பனையும் கலந்து அமைந்த அவ்வேலி, வடக்கே கடற்கரையில் தொடங்கி நகரை வளைத்துத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றை எட்டியது. குதிரைப்படையின் திடீர்த் தாக்குதல்களைத் தடுப்பது அதன் நோக்கம். பெருஞ்சாலைகள் வேலியைக் கடக்கும் இடங்களில் சென்னை, வழுதாவூர், வில்லியனூர், அரியாங்குப்பம் ஆகிய ஊர்ப்பெயர்களால் அழைக்கப்பட்ட காவற்கொத்தளங்கள் நின்றன. தமிழ் அரண் மரபின் மிளையோடு இதன் அமைப்பு ஒத்திருப்பது வெளிப்படை. 18ஆம் நூற்றாண்டு ஆங்கில வழக்கில் பெருங்கற்றாழை எனக் குறிக்கப்படுவது சோற்றுக்கற்றாழையாக இருத்தல் அரிது. உயர்ந்து வளரும் ஆனைக்கற்றாழை எனக் கொள்வதே பொருந்தும். அதுவும் அமெரிக்கத் தாவரமே.

இத்தகைய எல்லையமைப்பு புதுச்சேரிக்கு மட்டும் உரியதன்று. தெற்கே கடலூரில் புனித டேவிட் கோட்டையை 1690இல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடப்பட்ட பீரங்கிக் குண்டு விழுந்த தொலைவே எல்லையாயிற்று. அதற்குள் அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. அவ்வெல்லைக்குள் மஞ்சக்குப்பத்தில் ஆங்கிலேயரின் தோட்ட மாளிகை அமைந்தது. 1746 டிசம்பரில் பிரெஞ்சுப் படையினர் அம்மாளிகையைக் கைப்பற்றித் தங்கியிருந்த வேளையில் எதிர்பாராத தாக்குதலுக்கு உள்ளாகிப் பின்வாங்க நேர்ந்தது. கோட்டைக்கு வெளியே, எல்லைக்கு உள்ளே அமைவது தோட்ட மாளிகையின் பொதுவிலக்கணமாக இருந்தது. நகர நெருக்கடியிலிருந்து விலகி வாழும் இன்பம், எல்லைக் காவல் தரும் உறுதியையே சார்ந்திருந்தது.

இக்காலத்தின் உள்நாட்டுக் குரலாக விளங்குவது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736இல் தொடங்கி அவர் இறக்கும் 1761 வரையிலான காலத்தைத் தழுவிய இந்நூல், 1846இல் கல்வா–மோன்ப்ரேன் முயற்சியால் வெளிச்சத்துக்கு வந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. துய்ப்ளேக்சின் ஆட்சிக்காலமான 1742–1754இல் கோட்டை, வணிகம், வரவேற்பு, வழக்கு ஆகியவை ஒரே நாளின் நிகழ்ச்சிகளாக அதில் பின்னிக் கிடக்கின்றன. மதிலுக்கு உட்பட்ட நகரும் புறத்தே உள்ள சாவடிகளும் ஊர்களும் ஒரே வாழ்க்கையின் பகுதிகளாக இயங்கியதை அந்நாட்குறிப்பின் வழியே உணரலாம். ஐரோப்பியப் போர்நூல்களில் எல்லை வேலி ஒரு தடையரண். நகரில் வாழ்ந்தோர்க்கோ அது அன்றாடம் கடந்து செல்லும் வாயில்களை உடைய எல்லை.

5. 1760: வேலிக்கு உள்ளும் வாயிலுக்கு வெளியும்

1748இல் பொஸ்கவன் தலைமையில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது அரியாங்குப்பக் காவற்கோட்டை அவர்களை நெடுநாள் நிறுத்தியது. எல்லை வேலி அவ்வளவு பெரிய தடையாக அமையவில்லை. அக்டோபரில் முற்றுகை கைவிடப்பட்டது. 1760இல் நிலைமை மாறியது. அவ்வாண்டு செப்டம்பரில் ஆங்கிலேயப் படை எல்லை வேலியின் பெரும்பகுதியைக் கைப்பற்றியது. அதன்பின் நகரைக் காக்க வளர்க்கப்பட்ட வேலியே நகரை அடைக்கும் வரம்பாயிற்று. செடியும் இடமும் மாறவில்லை. வாயில்கள் மட்டும் கைமாறின.

இம்மாற்றத்தின் விளைவை முழுமையாகச் சுமந்தவர்கள் நகரின் தமிழ்க்குடிகள். உணவு குறையவே, நவம்பர் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி ஏறத்தாழ 1400 பேரை நகரிலிருந்து வெளியேற்றினான். முற்றுகையிட்டோர் அவர்களைத் தம் வரிசையைக் கடக்க விடவில்லை. திரும்பி வந்தவர்களை நகர வாயிலும் ஏற்கவில்லை. மதிலுக்கும் முற்றுகை வரிசைக்கும் இடைப்பட்ட நிலத்தில் எட்டு நாள், புல்லின் வேர்களைத் தின்று அவர்கள் அலைந்தனர் என ஓர்ம் எழுதுகிறார். இறுதியில் ஆங்கிலேயர் வழிவிட்டனர்.

தோட்ட வரலாற்று நூல்கள் இந்நிகழ்ச்சியைத் தம் எல்லைக்கு வெளியே உள்ளதாகக் கருதக்கூடும். ஆயின் இது தோட்ட வரலாற்றுக்கு மையமானது. பளிக்கறையில் வாயிலை அடைக்கும் உரிமை உள்ளிருந்தவளிடம் இருந்தது. அதனால் அறை புகலிடமாயிற்று. 1760இல் இரு பக்கத்து வாயில்களும் பிறர் கையில் இருந்தன. அதனால் திறந்தவெளியே சிறையாயிற்று. அடைப்பின் வடிவத்தைக் கொண்டு மட்டும் அதன் தன்மையை முடிவுசெய்ய இயலாது என்பதற்கு இதனினும் கடுமையான சான்று வேண்டுவதில்லை.

1761 ஜனவரியில் ஆனந்தரங்கப் பிள்ளை மறைந்தார். சில நாள்களில் நகரும் வீழ்ந்தது. 1758இல் லாலி புனித டேவிட் கோட்டையை அழித்ததற்கு எதிர்ச்செயலாக, புதுச்சேரியின் கோட்டையும் ஆளுநர் மாளிகையும் மதில்களும் இடிக்கப்பட்டன. 1765இல் நகரை மீளப்பெற்ற பிரெஞ்சுக்காரர் ழான் லா த லொரிஸ்தோன் தலைமையில் அதனை மறுபடியும் கட்டலாயினர். பின்னரும் 1778, 1793 ஆகிய ஆண்டுகளில் நகர் ஆங்கிலேயர் கைப்பட்டு, 1816இல் இறுதியாக மீண்டது. மதில் இருந்த வரி காலப்போக்கில் நகரைச் சுற்றும் அகன்ற சாலைகளாயிற்று.

6. 1826: தாவரவியல் தோட்டம்

1816க்குப் பின் கோட்டை கட்டும் நிலையில் பிரெஞ்சிந்தியா இல்லை. ஆட்சியாளரின் கவனம் கல்வி, தொழில், வேளாண்மை ஆகியவற்றின்பால் திரும்பியது. தாவரவியலாளர் லெஷெனோ த லா தூர் 1816 முதல் சில ஆண்டுகள் புதுச்சேரியைத் தளமாகக் கொண்டு தென்னிந்தியத் தாவரங்களைத் திரட்டினார். 1826இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற தெபாசேன் த ரிஷ்மோன் காலத்தில், அவ்வாண்டிலேயே தாவரவியல் தோட்டம் நிறுவப்பெற்றது. தரைவழியாக இந்தியா வந்த பெலாஞ்செ அதன் தொடக்கக்காலப் பணியோடு தொடர்புடையவர். அடுத்த ஆண்டு, 1827இல், பொது நூலகமும் தோன்றியது. தோட்டமும் நூலகமும் ஒரே ஆளுநரின் காலத்தவை என்பது கருதத்தக்கது. இரண்டும் தொகுத்து, வகைப்படுத்தி, வரிசையில் வைக்கும் அறிவுமுறையின் வெளிப்பாடுகள்.

இத்தோட்டம் பிரெஞ்சு முறையில் வகுக்கப்பட்டது. நேர்ப்பாதைகள், அவற்றின் இருமருங்கும் மரவரிசைகள், ஓரம் கட்டப்பட்ட பாத்திகள், வெட்டி ஒழுங்குசெய்த செடிகள், நீரூற்று ஆகியவை அதன் உறுப்புகள். அறைகளின் நோக்கம் மட்டும் வெர்சாயினின்றும் வேறுபட்டது. இங்கு ஒவ்வொரு கட்டமும் விருந்தினருக்கு உரியதாகாமல், வெளிநாட்டிலிருந்து வந்த செடிக்கு உரியதாயிற்று. வந்த செடி இம்மண்ணுக்குப் பழகுமா எனச் சோதிப்பதே அதன் பணி. தோட்டத்தைப் பல்லாண்டு வளர்த்து, 1870இல் புதுச்சேரியிலேயே மறைந்த பெரோத்தே, 1867இல் அதன் செடிப்பட்டியலை வெளியிட்டபோது, தாவரவியல் தோட்டம் என்பதோடு இணக்கத் தோட்டம் என்னும் பெயரையும் சேர்த்தே வழங்கினார்.

பெரோத்தேயின் வாழ்க்கை இத்தோட்டத்தின் பொருளியற் பின்புலத்தையும் விளக்குகிறது. அவர் 1820களில் செனகலில் பணிபுரிந்தவர். அவுரிச் சாகுபடியும் சாயமெடுத்தலும் குறித்து 1842இல் நூல் வெளியிட்டவர். பட்டுப்புழு வளர்ப்புக்கு ஏற்ற முசுக்கொட்டை வகையொன்றைப் பிரான்சுக்குக் கொண்டுசென்றவர். புதுச்சேரியில் நெய்து அவுரிச் சாயமிட்ட கினே எனப்படும் நீலத்துணி, செனகலில் பிசின் வணிகத்துக்குப் பணம்போல் பயன்பட்டது. ஆகவே பூம்பாத்திகளின் ஒழுங்குக்குப் பின்னால் இருகடல்களைக் கடந்த வணிகத்தின் கணக்கும் இருந்தது. வகுத்தமைத்த தோட்டம் வெறும் அழகுப்பொருள் என்னும் கருத்து இங்குப் பொருந்தாது.

தோட்டத்தின் இருப்பிடமும் கவனத்துக்குரியது. அது பழைய மதில் வரியின் தென்மேற்குப் புறத்தே, பழைய எல்லை வேலிக்கு உட்பட்ட வளையத்தில் உள்ளது. 1760இல் வெளியேற்றப்பட்டோர் எட்டு நாள் அலைந்ததும் மதிலைச் சூழ்ந்த இவ்வளையத்திலேயே. நகரைக் காக்க வெறுமையாக விடப்பட்ட போர்நிலத்தின் ஒரு பகுதி, 66 ஆண்டுகளுக்குப் பின் செடிகளுக்கான இடமாயிற்று. வெளியேற்றப்பட்ட மக்களுக்கு இடம் மறுத்த வளையத்தில், வெளியிலிருந்து வந்த செடிக்கு இடமளித்துப் பேணும் நிலையம் எழுந்தது. இதனை இழப்பீடாகக் கருதுவதற்கில்லை. எனினும் அந்நிலத்தின் வரலாற்றை எழுதுவோர் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதவேண்டும்.

7. கோட்டை இருந்த இடத்தில் பூங்கா

இன்று பாரதி பூங்கா என வழங்கும் அரசினர் சதுக்கப் பூங்கா, லூயிக் கோட்டை இருந்த நிலப்பகுதியில் உள்ளது. நடுமண்டபத்தை மையமாகக் கொண்டு பாதைகள் விரியும் அதன் அமைப்பும் வகுத்தமைத்த தோட்ட இலக்கணத்தைச் சார்ந்ததே. அதன் மையத்தில் நிற்கும் ஆயி மண்டபம் மூன்றாம் நெப்போலியனின் ஆட்சிக்காலத்தில், முத்திரப்பாளையத்திலிருந்து நகருக்கு நன்னீர் கொண்டுவரப்பட்டதன் நினைவாக எழுப்பப்பட்டது. புதுச்சேரி அரசின் சின்னத்திலும் அம்மண்டபம் இடம்பெற்றுள்ளது.

மண்டபத்தின் பெயருக்குரிய ஆயி பற்றிய வழிவழிக் கதை அனைவரும் அறிந்தது. கிருஷ்ணதேவராயர் அவ்வழியே வந்தபோது விளக்கொளியில் திகழ்ந்த மாளிகையைக் கோயில் எனக் கருதி வணங்கினார். அது ஆயி என்னும் கணிகையின் இல்லம் என அறிந்து சினந்து இடிக்க ஆணையிட்டார். ஆயி தன் மாளிகையைத் தானே இடித்து அவ்விடத்தில் குளம் வெட்டினாள் என்பது கதை. வரலாற்றுச் சான்றாக அன்றி, மக்கள் நினைவின் வடிவமாக இதனைக் கொள்ளவேண்டும். ஐரோப்பிய மாளிகைத் தோட்டத்தில் நீர்நிலை மாளிகைக்கு அழகு சேர்ப்பது. ஆயி கதையிலோ மாளிகை அழிந்து நீர்நிலையாகிறது. ஒருத்தியின் படப்பை ஊரின் குளமாகிறது. பேரரசர் காலத்து நினைவு மண்டபம் இக்கதையின் பெயரையே தாங்கி நிற்பதால், வடிவத்தில் பிரெஞ்சினதாகிய பூங்கா பொருளில் தமிழ் நினைவைச் சார்ந்ததாகிறது.

இதே வேறுபாட்டை இல்ல அமைப்பிலும் காணலாம். பிரெஞ்சுப் பகுதியின் வீடுகள் தெருவோரம் உயர்ந்த மதிலை நிறுத்தித் தோட்டத்தை உள்ளே மறைக்கின்றன. தமிழ்ப் பகுதியின் வீடுகள் தெருவை நோக்கித் திண்ணையையும் தாழ்வாரத்தையும் நீட்டி, வான் நோக்கிய முற்றத்தை நடுவில் வைக்கின்றன. இரண்டிலும் திறந்தவெளியே அறையாகிறது. முன்னதில் தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே மதில் நிற்கிறது. பின்னதில் வழிப்போக்கன் அமரும் திண்ணை நிற்கிறது.

8. வேலியற்ற சோலை

1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியின் குயில் பாட்டு, நகரின் மேற்கே சிறிது தொலைவில் உள்ள மாஞ்சோலையைக் களமாகக் கொண்டது. மதில் வரிக்கு மேற்கே, நகரை அடுத்த வளையத்தில் இலக்கியம் நாட்டிய தோட்டம் எனலாம். அச்சோலைக்கு வெட்டிய வேலியும் நேர்ப்பாதையும் இல்லை. வேடர் உட்புகுந்து பறவைகளைச் சுடும் சோலை அது. அவர்கள் வராத ஒரு திருநாளில்தான் கவிஞன் அங்கு அமர்கிறான். வேலி இல்லாமையால் கவிஞனுக்கும் குயிலுக்கும் மாட்டுக்கும் குரங்குக்கும் அது திறந்திருக்கிறது. வேடனுக்கும் அவ்வாறே திறந்திருக்கிறது. அடைப்பு இல்லாமை தன்னளவில் விடுதலை ஆகிவிடாது என்பதைக் குயில் பாட்டின் தொடக்கமே உணர்த்துகிறது. அதனால் வேலியை முற்றிலும் பழிப்பதும் இவ்வாய்வின் நோக்கமன்று.

எல்லை வேலிகளின் காலம் 19ஆம் நூற்றாண்டோடு முடிந்தது. உப்பு வரியைக் காக்க வட இந்தியாவில் ஆங்கிலேயர் வளர்த்த நெடுஞ்சுங்க வேலியும் 1879இல் கைவிடப்பட்டது. தமிழக உழவர் வேலிகளில் பரவியிருந்த சப்பாத்துக்கள்ளி, 1926இல் கொண்டுவரப்பட்ட கள்ளிப்பூச்சியால் பேரளவில் அழிந்தது. காவலுக்குரிய உயிர்வேலி நில அளவைக் கற்களுக்கும் கம்பிகளுக்கும் இடம்விட்டது. பூங்காவின் வெட்டிய செடிவேலி மட்டும் எஞ்சியது. இடுப்பளவே உயர்ந்த அது எவரையும் தடுப்பதில்லை. நடப்பவரின் அடியைப் பாதையில் செலுத்துகிறது.

9. முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, உயிருள்ள செடியை மதிலாகக் கொள்ளும் சிந்தனையும் தோட்டத்துள் அறை என்னும் கருத்தும் மிளை, படப்பை, இலவந்திகை, பளிக்கறை ஆகியவற்றின் வழியே தமிழில் பண்டே நிலவியவை. புதுச்சேரியில் பிரெஞ்சு வடிவியல் வந்து சேர்ந்தபோது, அதனை ஏற்பதற்குரிய சொல்லும் செடியும் இங்கு இருந்தன. இரண்டாவதாக, புதுச்சேரியின் தோட்ட வரலாறு மாளிகையில் தொடங்கவில்லை. எல்லை வேலியில் தொடங்குகிறது. தாவரவியல் தோட்டமும் அரசினர் சதுக்கப் பூங்காவும் முறையே மதிற்புற நிலத்திலும் கோட்டை நிலத்திலும் எழுந்தவை. மூன்றாவதாக, ஒரே வேலி 1760இல் சில வாரங்களுக்குள் காப்பிலிருந்து சிறையாக மாறியது. வடிவம் மாறாமலே பொருள் மாறக்கூடும் என்பதால், வாயில் எவர் கையில் இருந்தது என்பதைத் தோட்ட வரலாறு தவறாது வினவுதல் வேண்டும்.

இப்பார்வை தமிழகத்தின் பிற தோட்டங்களுக்கும் பயன்படும். உதகையில் 1848 முதல் உருவான அரசுத் தாவரவியல் தோட்டம், மஞ்சக்குப்பத்துத் தோட்ட மாளிகை, கோயில் நந்தவனங்கள் ஆகியவற்றை அவற்றின் மலர்ப்பட்டியல்களைக் கொண்டு மட்டும் ஆராயாமல், அவற்றின் வேலிகளையும் வாயில்களையும் கொண்டு ஆராயலாம். புதுச்சேரித் தாவரவியல் தோட்டத்தின் வாயில் இன்று பொதுமக்கள் அனைவருக்கும் திறந்துள்ளது. 1760இல் இரு வாயில்களும் அடைபட்டு நின்ற 1400 பேரின் வரலாறு, அவ்வாயிலின் வரலாற்றிலும் ஒரு பகுதியாக இடம்பெறுதல் முறையாகும்.